பெலிண்டா பேச்சை நிறுத்திய இடம்

ஹார்ட், மிச்சிகன்
ஜூன் 18, 1995

பெலிண்டாவுக்கு,

உன் கடிதங்கள் வந்தன. முதல் இரண்டை நான் பிரிக்கவில்லை. மூன்றாவதை உன் ஞானத்தந்தை சானோ பிரித்து மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதன் மேல் பீன்ஸ் சட்டியை வைத்தேன். அப்புறம் சட்டியை நகர்த்திவிட்டுப் படித்தேன். இனி எழுதாதே என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று உன்னைக் கையில் ஏந்தி நின்றவள் நான். நீ "ஞானத்தாய்" என்று எழுதும்போது அந்த வார்த்தை எனக்குக் குத்துகிறது. என் மகள் மினெர்வாவைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்டேன், "நீதானே அவளைப் பிடிச்சு வச்சே?" என்று. நீ வாயே திறக்கவில்லை. உன் அம்மா ராகேல்தான் குறுக்கே வந்து, ஞானஸ்நான உறவைச் சொல்லியே, "கோமாத்ரே, புள்ளையைத் திட்டாதீங்க" என்றாள். திட்டவில்லை. கேட்டேன்.

ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டர் முடிந்த கையோடு டெக்சஸை விட்டு வயல் வேலைக்கு வடக்கே கிளம்பிவிடுவோம். அஸ்பாரகஸ் தண்டு முளைத்தால் யாருக்காகவும் காத்திருக்காது. மினெர்வாவும் வருவாள். பாதியில் அங்கே பள்ளிக்கூடத்தை விட்டு, மீதியை இங்கே படிப்பாள். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. இந்த வருஷம்தான் மே மாதம் ஏதோ பரீட்சை என்றாள். நீ என் அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாய்: "ஒரே மாசம் ஞானத்தாயே. எங்க வீட்ல என் பக்கத்துல படுத்துக்கட்டும். பரீட்சை முடிஞ்ச மறுநாளே யார்கூடவாவது ஏத்தி விட்டுடறோம்."

ஏற்றிவிட்டீர்கள். சானோவின் சித்தப்பா மகன் வண்டியில். வழியில் ஆர்கன்சாவில் மழை. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

நாம் வீட்டில் பேசும் ஸ்பானிஷ்தானே? அதற்கு ஒரு பரீட்சை, அதற்காக ஒரு பெண் தாய் தகப்பனை விட்டு நிற்க வேண்டுமா? எங்களோடு கிளம்பியிருந்தால் இப்போது அடுத்த வரிசையில் குனிந்துகொண்டு என்னைக் கேலி பண்ணிக்கொண்டிருப்பாள்.

இனி எழுதாதே.

எவுலாலியா

•

எல் மெஸ்கீதே, டெக்சஸ்
ஜூன் 29, 1995

அன்புள்ள ஞானத்தாய்க்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருக்கத் தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. சட்டிக்கு அடியில் வைத்தாலும் பரவாயில்லை.

அன்று நான் பதில் சொல்லாததற்குக் காரணம் எதுவும் இல்லை. எனக்கு வார்த்தை முட்டினால் நின்றுவிடுவேன், சின்ன வயதிலிருந்து உங்களுக்குத் தெரியும். "உனக்கு வாய் இருக்குடி, சாவி மட்டும் என்கிட்ட இருக்கு" என்பாள் மினெர்வா. கடையில் பாக்கிச் சில்லறை கேட்பதுகூட எனக்காக அவள்தான்.

அந்தப் பரீட்சை எதற்கு என்று நாங்கள் உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. கல்லூரிப் பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பது. மே மாதம் நாடு முழுக்கப் பரீட்சை நடக்கும். அதில் நன்றாகச் செய்தால், அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்து முடித்ததாகவே ஏற்றுக்கொள்வார்கள். கிரெடிட் என்பது அதுதான். ஸ்பானிஷில் அதை வாங்கிவிட்டு, கோடையிலும் படித்தால் ஒரு வருஷம் முன்னாலேயே கல்லூரியை முடித்துவிடலாம் என்று மினெர்வா விரல் மடக்கிக்கொண்டே இருந்தாள். "நான் ஒரு வருஷம் சீக்கிரம் முடிச்சா எங்கம்மா ஒரு வருஷம் கம்மியா குனிவாங்க" என்றாள். நான் அவளைப் பிடித்து வைக்கவில்லை ஞானத்தாயே. அவளைப் பிடித்து வைக்க யாரால் முடியும்?

பரீட்சையில் பாதி எழுத்து, பாதி பேச்சு. ஆளுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் கொடுப்பார்கள். கதையாக வரும் சில படங்களைக் காட்டி, அதைச் சொல்லச் சொல்வார்கள். அறையில் இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். வீட்டு விசேஷத்தில் பெண்கள் சேர்ந்து மக்காச்சோள மாவை மடலில் வைத்துத் தமாலே சுற்றும்போது எப்படி இருக்கும், அப்படி. பக்கத்தில் பேசுவது காதில் விழாத மாதிரி பேசிக்கொண்டே போக வேண்டும். அதற்காகவே ஒசூனா டீச்சர் வாராவாரம் எங்களைப் பழக்கினார்.

மினெர்வாவின் சத்தம் எல்லோருடைய டேப்பிலும் விழும். "மினெர்வா, இதைத் திருத்தறவங்க பக்கத்துத் தோட்டத்துல இல்லம்மா, மெதுவாப் பேசு" என்பார் டீச்சர். "எங்கம்மா பழக்கினது டீச்சர். நாலு வரிசை தள்ளி நின்னாலும் கேக்கணும்" என்பாள். மதியச் சாப்பாட்டுக்கு அவள் "லோன்ச்சே" என்று சொன்னால், அது இங்கிலீஷ் கலந்தது, சரியான வார்த்தையைச் சொல் என்று டீச்சர் திருத்துவார். "எங்கம்மா லோன்ச்சேதான் கட்டிக் குடுக்கறாங்க. நீங்க சொல்றதைக் கட்டினா எனக்கு வயிறு நிறையாது." டீச்சரே சிரித்துவிட்டார்.

சின்னப் பெண்களாக உங்கள் வீட்டுக்கு மண் அப்பிக்கொண்டு வருவோம். நீங்கள் எங்களைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கடைசியில், "கையைக் கழுவு, உட்காரு" என்பீர்கள். அந்த இரண்டு வார்த்தைக்காகத் திட்டு முடியட்டும் என்று நின்றுகொண்டிருப்போம். இப்போதும் நின்றுகொண்டிருக்கிறேன்.

பெலிண்டா

•

ஹார்ட், மிச்சிகன்
ஜூலை 16, 1995

பெலிண்டாவுக்கு,

உன் அம்மா சேர்த்து அனுப்பும் தபாலில் மினெர்வா பெயருக்கு ஓர் உறை இருந்தது. நானே பிரித்தேன். எல்லாம் ஆங்கிலம். அவள் பெயர் புரிந்தது. அதற்கு நேராக ஓர் எண்.

ஐந்து.

சானோவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் இன்னோர் எண் மறைந்திருக்கிறதா என்று தாளைத் திருப்பியும் பார்த்தார். ஐந்துதான்.

பள்ளிக்கூடத்தில் எழுபது வாங்கினால்தான் தேறியது என்று எனக்கும் தெரியும். எட்டாம் வகுப்பில் அவள் தொண்ணூற்றெட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மீதி எங்கே என்று கேட்டேன். "டீச்சருக்குப் பசிம்மா, தின்னுட்டாங்க" என்றாள். அப்படிப்பட்டவளுக்கு ஐந்து. அவள் பிறந்ததிலிருந்து பேசிய பேச்சுக்கு ஐந்து.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். விளையாட்டு மைதானத்தில் ஸ்பானிஷில் பேசியதற்காக உள்ளங்கையை நீட்டச் சொல்லி அடித்தார்கள். இன்னொரு சிறுமியிடம் "தண்ணி எங்கேடி" என்று கேட்டிருந்தேன், அவ்வளவுதான். காலம் மாறிவிட்டது, இப்போது அதே பேச்சுக்குக் கல்லூரியில் இடம் கொடுக்கிறார்கள் என்று மினெர்வா சொன்னபோது நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. என்ன மாறியிருக்கிறது? எனக்கு அடி. அவளுக்கு ஐந்து. இதற்காகவா அவள் நின்றாள்?

நீ எழுதியிருந்தாயே, நாலு வரிசை தள்ளி நின்றாலும் கேட்கும் என்று. உண்மை. முதலாளியின் நாய் ஓடிவரும், அவள் சிரித்தால். ஆனால் பெலிண்டா, யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். அவள் குரல் எனக்கு இப்போது வருவதில்லை. முகம் வருகிறது. வாய் அசைகிறது. சத்தம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு "அம்மா" என்று அவள் கூப்பிடுகிற மாதிரி நினைத்துப் பார்க்கிறேன், என் குரல்தான் கேட்கிறது. அவளுடைய பதினைந்தாம் பிறந்தநாள் விழாவை என் தம்பி வீடியோ எடுத்தானே, அதைப் போட்டுப் பார்த்தேன். எல்லோருடைய காலும் தெரிகிறது. அக்கார்டியன் கேட்கிறது. அவள் ஏதோ சொல்லிக்கொண்டே போகிறாள். பாட்டு மூடிவிட்டது.

உனக்கும் இந்த உறை வந்ததா? உனக்கு எத்தனை?

எவுலாலியா

•

எல் மெஸ்கீதே, டெக்சஸ்
ஜூலை 24, 1995

அன்புள்ள ஞானத்தாய்க்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். ஞானத்தந்தையையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

ஐந்துதான் உச்சம். இந்தப் பரீட்சைக்கு நூறு கிடையாது. ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும்தான் போடுவார்கள். ஆறு என்று ஒன்று இல்லவே இல்லை. மினெர்வா அதற்கு மேல் வாங்கியிருக்க முடியாது. டீச்சர் யாரும் எதையும் தின்னவில்லை.

ஒசூனா டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவ லோன்ச்சேன்னே சொல்லியிருப்பா, அப்படியும் அஞ்சு போட்டிருக்காங்க பாரு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், சொல்லிவிட்டு அழுதார்.

எனக்கு எத்தனை என்று கேட்டீர்கள். இரண்டு. இரண்டுக்குக் கிரெடிட் இல்லை. கல்லூரியில் நான் ஸ்பானிஷ் வகுப்பில் முதலிலிருந்து உட்கார வேண்டும். எழுத்து நன்றாகத்தான் போனது. பேச்சில்தான் விழுந்தேன். பரீட்சை அன்று பெயர் வரிசைப்படி உட்கார வைத்தார்கள், அவள் அந்த மூலை, நான் இந்த மூலை. வருஷம் முழுக்க அவள் சத்தத்தில் சாய்ந்துகொண்டே பேசிப் பழகியவள் நான். அவள் எப்போதும் பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தபோது எரிச்சலாக இருந்தது. அது இல்லாதபோது எனக்கு "நாற்காலி"க்குக்கூட வார்த்தை வரவில்லை. வெளியே வந்து அழுதேன். "போடி, அவங்க உன் மௌனத்தைக் கேட்டுட்டு ஏதோ பெரிய ஞானின்னு நினைப்பாங்க" என்றாள். அன்று சாயங்காலம் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்த ஐஸ் தின்றோம். மறுநாள் கிளம்பினாள்.

குரலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே நிறுத்துகிறேன்.

பெலிண்டா

•

ஹார்ட், மிச்சிகன்
ஆகஸ்ட் 3, 1995

ஞானமகள் பெலிண்டாவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வயலுக்குப் போனேன். இப்போது வெள்ளரி பறிக்கிறோம். எல்லோரிடமும் சொன்னேன், என் மகள் ஐந்து வாங்கினாள் என்று. பக்கத்து வரிசைக்காரி ஒஃபேலியா நிமிர்ந்து, "அஞ்சா? அவ்வளவுதானா?" என்றாள். "ஆறு கிடையாதுடி முட்டாள்" என்றேன். போன வாரம் நானே அந்த முட்டாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து கட்டிக்கொண்டாள். சானோ அந்தத் தாளைச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். இங்கே ஒரு குடும்பம் பறிப்பதெல்லாம் ஒரே பெயரில்தான் ஏறும். மினெர்வா பறித்ததும் நான் பறித்ததும் சானோ பெயரில். யாராவது உடம்பு முடியாமல் படுத்துக்கொண்டால் மற்றவர் பறித்ததை அவருக்கும் சேர்த்துக்கொள்வோம், யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே மாதிரி, அவள் சம்பாதித்த கிரெடிட்டை உன் பெயரில் ஏற்ற முடியுமா? அவளுக்கு இனி வேண்டாம். உனக்கு இரண்டு, அவளுக்கு ஐந்து. அந்த வகுப்பில் நீ மறுபடி உட்கார வேண்டாமே. நான் ஞானத்தாய், நீ என் மகள் முறை. குடும்பம் இல்லை என்று எவன் சொல்வான்? எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்றாலும் வைக்கிறேன். கையெழுத்தே போடுவேன்.

இன்னொன்று. டேப்பில் பேசினார்கள் என்று எழுதினாயே, முதல் தடவை கோபத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டேன். அந்த டேப் எங்கே பெலிண்டா? அவர்கள் கேட்டு முடித்துவிட்டார்கள், ஐந்தும் போட்டுவிட்டார்கள். இனி அது அவர்களுக்கு எதற்கு? கேட்டுப் பார். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று சொல்.

ஞானத்தாய்
எவுலாலியா

•

எல் மெஸ்கீதே, டெக்சஸ்
ஆகஸ்ட் 14, 1995

அன்புள்ள ஞானத்தாய்க்கு,

நீங்கள் "ஞானமகள்" என்று எழுதியதை அம்மாவிடம் காட்டினேன். அம்மா அந்தக் கடிதத்தை முத்தமிட்டுவிட்டு, அதே வேகத்தில் பாத்திரம் கழுவவில்லை என்று என்னைத் திட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் கல்லூரி விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலரிடம் போய்க் கிரெடிட்டை என் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது அந்த ஆளோடயே போயிடும்மா, மாத்த முடியாது" என்றார். அப்புறம் "யார் கேக்கச் சொன்னாங்க?" என்றார். "அவ அம்மா" என்றேன். ஞானத்தாயே, நான் அந்த வகுப்பில் உட்காருகிறேன். எனக்கு அது தேவைதான்.

பரீட்சை டேப்பும் வராது. அனுப்பியது அனுப்பியதுதான் என்றார் ஒசூனா டீச்சர். வகுப்பில் பழகிய டேப்புகளையாவது கொடுங்கள் என்றேன். ஒவ்வொரு கோடையிலும் எல்லாவற்றையும் அழித்து அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு வைத்துவிடுவாராம். பெட்டியைத் திறந்து காட்டினார். எல்லாம் வெறும் டேப். அவரும் நானும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். இரைச்சல்தான்.

பிறகுதான் வகுப்பில் நான் பேசிய என் டேப் நினைவுக்கு வந்தது. மார்ச்சில் வீட்டில் பழகுகிறேன் என்று கொண்டுவந்தேன். பழகவில்லை. ரேடியோவிலிருந்து பாட்டுப் பதிந்துவிட்டேன். ஒரு பக்கம் முழுக்கப் பாட்டு. மறுபக்கத்தில் கை வைக்கவில்லை, சோம்பேறித்தனம். அதில் வகுப்பில் பேசியது அப்படியே இருக்கிறது. நாய்ப் படங்கள்: ஒரு பையன் தெருநாயைச் சட்டைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவருவான், அது பிறந்தநாள் கேக்கைத் தின்றுவிடும், அம்மா கண்டுபிடிப்பாள். அன்று மினெர்வா என் பக்கத்து மேசை.

இதோடு அனுப்புகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், முன்னால் கேட்பது என் குரல். அவள் பின்னால் இருக்கிறாள். நான் நடுவில் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். கேட்டால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். டீச்சர் அன்று, "பெலிண்டா, மௌனத்துக்கு மார்க் கிடையாது" என்றார். வகுப்பே சிரித்தது. நான் அந்த இடம் வரை போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் என்னால் தனியாகக் கேட்க முடியவில்லை.

சனிக்கிழமை விடுதிக்குப் போகிறேன். முகவரி உறையின் பின்பக்கம். மினெர்வாவும் நானும் ஒரே அறை கேட்டு எழுதியிருந்தோம். அந்த இன்னொரு கட்டிலுக்கு யார் வருகிறார்களோ தெரியவில்லை.

பெலிண்டா

•

ஹார்ட், மிச்சிகன்
ஆகஸ்ட் 27, 1995

என் ஞானமகள் பெலிண்டாவுக்கு,

டேப் உடையாமல் வந்தது. வண்டியில்தான் டேப் போடுகிற பெட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மற்றவர்கள் துணி துவைக்கப் போன பிறகு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். சானோ வரமாட்டேன் என்று வெளியே நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டயரில் ஒன்றும் இல்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னைத்தான் கேட்கிறது. "அந்தப் பையன் வந்து... அந்த நாயை வந்து..." சத்தத்தைக் கூட்டினால் நீ பெரிதாகிறாய். குறைத்தால் எல்லோரும் போய்விடுகிறார்கள். நகருடி, நகருடி என்று உன்னிடம் வாய்விட்டே சொன்னேன். என் மகளுக்கும் எனக்கும் நடுவில் மறுபடி நீயா என்று தோன்றியது. மறைத்து என்ன ஆகப்போகிறது, தோன்றியதை எழுதுகிறேன்.

அப்புறம் நீ முட்டிக்கொண்டாய். "அப்ப அந்த அம்மா..." என்றாய். நின்றுவிட்டாய்.

வகுப்பு முழுக்கத் தேன்கூடு மாதிரி ஒரு சத்தம். அதற்கு மேலே, என் தோள் பக்கத்தில், அவள்.

"அப்ப அந்தம்மா இடுப்புல கை வச்சுக்கிட்டுச் சொல்றாங்க: ஏன்டா, நாய்க்குப் பசிக்குதுன்னா நான் போட மாட்டேனா? தின்னது போகட்டும், எங்கிட்ட ஏன்டா ஒளிக்கிறே? சரி, சரி, மூக்கை உறிஞ்சாதே. நாயையும் கூட்டிட்டு வா. கையைக் கழுவு, உட்காரு."

அது நான். பெலிண்டா, அந்தப் படத்தில் இருந்த அம்மா யாரோ. மினெர்வா அவளுக்கு என் பேச்சைக் கொடுத்திருக்கிறாள். நான் இழுக்கிற மாதிரியே "சரி, சரி" என்று இழுக்கிறாள். எந்தப் பேச்சுக்கு என் உள்ளங்கையில் அடித்தார்களோ அந்தப் பேச்சு. அதைத்தான் கல்லூரிக்குக் கொண்டுபோகப் பழகியிருக்கிறாள்.

அதற்குள் நீ மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாய். அவள் உன் பின்னால் போய்விட்டாள். ஆனால் போகவில்லை. எந்த இடத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டதால் இப்போது எனக்கு முதலிலிருந்தே கேட்கிறது. நீ பேசும்போதும் கேட்கிறது. கடைசியில் சிரிக்கிறாள். நாய் ஓடிவருகிற சிரிப்பு.

சானோ எப்போது கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார் என்று தெரியாது. "மறுபடி போடு" என்றார். மறுபடி போட்டேன். அப்புறம் அவரே போட்டார். உன் குரல் வருகிற இடத்தில், "இந்தப் பொண்ணு மெதுவாப் பேசறதும் நல்லதாப் போச்சு" என்றார். பக்கம் முடிந்து டேப் தானாகத் திரும்பி, உன் பாட்டு வந்தது. நாங்கள் அணைக்கவில்லை.

உன் அறைக்கு யாராவது வந்தாகிவிட்டதா? வந்தவளிடம் பேசு. அவள் முதலில் பேசட்டும் என்று நிற்காதே. அந்த வகுப்பில் தைரியமாக உட்காரு. சாப்பாட்டுக்கு என்ன வார்த்தை என்று கேட்டால் டீச்சருக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டு, மனசுக்குள் லோன்ச்சே என்று சொல்லிக்கொள்.

ஆப்பிள் பறிப்பு முடிந்ததும் ஊருக்கு வருகிறோம். கிறிஸ்மஸுக்குத் தமாலே சுற்ற எனக்கு ஆள் வேண்டும். கல்லறைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து போகலாம். அங்கே இந்தத் தடவை நான் எதையும் கேட்க மாட்டேன். நேராக அடுப்படிக்கு வா. கையைக் கழுவு, உட்காரு.

உன் டீச்சரைப் பார்த்தால் நான் சொன்னேன் என்று சொல். அன்று நீ பேச்சை நிறுத்தினாயே, அந்த இடத்துக்கு மார்க் கிடையாது என்றாராமே. அவர் படித்தவர். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் எது உச்சம் என்று நீ எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். அந்த இடத்துக்கு நான் ஐந்து போடுகிறேன்.

உன் ஞானத்தாய்
எவுலாலியா